கார்பைன்: குழலைக் குறைத்தால் என்னவெல்லாம் மாறும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இராணுவத் துப்பாக்கிகளைப் பற்றிப் பேச்சு வந்தாலே கார்பைன் பற்றிய கேள்விகள்தான் முதலில் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதற்குப் பதில் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். உதாரணத்துக்குப் பெரும்பாலும் அமெரிக்காவின் எம்4 கார்பைனைத்தான் எடுத்திருக்கிறேன். குழலைக் குறைப்பதால் வரும் நன்மையும் தொல்லையும் அதன் வரலாற்றில்தான் வெளிப்படையாகத் தெரிகின்றன.

கார்பைன் என்றால் என்ன?

ரைஃபிளின் குட்டை வடிவம். அதே தோட்டா, அதே உள்வேலை, குழல் மட்டும் குட்டை. இதுதான் இன்றைய இராணுவங்களில் வழக்கமான பொருள். எத்தனை அங்குலத்துக்குக் கீழே போனால் கார்பைன் என்று உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட அளவு எதுவும் கிடையாது. ஒரு நாட்டில் ரைஃபிள் என்று அழைக்கப்படுவது இன்னொரு நாட்டின் கார்பைனை விடக் குட்டையாகக்கூட இருக்கும். அதனால் பெயரை வைத்துச் சண்டை போடாமல், எந்தத் துப்பாக்கியிலிருந்து வெட்டப்பட்டது, எதற்காக வெட்டினார்கள் என்று பார்ப்பது நல்லது.

நம் ஊர் போலீஸ் காவலர் கையில் இருப்பதையும் கார்பைன் என்கிறார்களே?

9 மி.மீ. கார்பைன் என்று அவர்கள் சொல்வது பிரிட்டனின் ஸ்டெர்லிங் வடிவமைப்பு, கான்பூரில் தயாரானது. பார்த்தவுடனே அடையாளம் தெரியும்: குழலைச் சுற்றி ஓட்டை ஓட்டையான இரும்பு உறை, கீழே மடங்கும் பட் (தோளில் ஊன்றும் பின்பகுதி), இடது பக்கம் குறுக்காக நீட்டிக்கொண்டிருக்கும் வளைந்த மேகசின் (தோட்டாப் பெட்டி). அது சுடுவது கைத்துப்பாக்கித் தோட்டாவை. எனவே வகைப்படி அது சப்மெஷின் கன். இந்தியாவில் இராணுவமும் போலீசும் அதைக் கார்பைன் என்றே பதிவேட்டில் எழுதி அழைத்து வந்ததால் பெயர் ஒட்டிக்கொண்டது. தவறு என்று சொல்லமாட்டேன், ஆனால் எம்4-ஐயும் அதையும் ஒரே வகையாக நினைத்து ஒப்பிடக்கூடாது. 9 மி.மீ. தோட்டாவுக்கு 100 மீட்டருக்கு அப்பால் அதிக வேலை இல்லை. எம்4-இன் தோட்டா சில நூறு மீட்டருக்குப் பேசும்.

முதலில் யாருக்காக உண்டானது?

குதிரைப்படைக்காக. நீளமான துப்பாக்கியோடு குதிரையில் ஏறி இறங்குவது, உலக்கையைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறுவது மாதிரி. அதனால் 19-ஆம் நூற்றாண்டு முழுக்கக் காலாட்படைக்கு நீளத் துப்பாக்கி, குதிரைப்படைக்குக் குட்டை என்று இரண்டு வகை ஓடின. 20-ஆம் நூற்றாண்டு தொடங்கியபோது பிரிட்டன் இந்த இரட்டை வேலையை நிறுத்திவிட்டு இரண்டுக்கும் நடுவில் ஒரே நீளத்தில் லீ-என்ஃபீல்ட் ரைஃபிளைக் குறுக்கியது. நம் போலீஸ் ஸ்டேஷன்களில் பல தலைமுறை பார்த்த .303 அந்தக் குடும்பம்தான். ஆக, நீளம் என்று நாம் நினைத்த .303-ஏ ஒரு காலத்தில் 'குட்டை' என்ற பெயரோடு வந்த துப்பாக்கி.

இரண்டாம் உலகப் போரின் எம்1 கார்பைன் எம்4-க்கு முன்னோடியா?

பெயரில் மட்டும். எம்1 காரண்ட் ரைஃபிளும் எம்1 கார்பைனும் தோட்டாவில் ஆரம்பித்து எல்லாவற்றிலும் வேறு வேறு. 1941 அக்டோபரில் ஏற்கப்பட்ட இந்தக் கார்பைனின் நோக்கம் எளிமையானது. லாரி ஓட்டுபவர், பீரங்கிக் குழு, சமிக்ஞைப் பிரிவு ஆள், அதிகாரி போன்றவர்களுக்கு 4.3 கிலோ காரண்ட் சுமை, கைத்துப்பாக்கியோ போதாது. அவர்களுக்கு இரண்டரை கிலோவுக்குள் ஒன்று வேண்டும். அதற்காக 7.62×33 மி.மீ. என்று ஒரு புதுத் தோட்டாவையே செய்தார்கள்.

60 லட்சத்துக்கு மேல் தயாரானது. ஜெனரல் மோட்டார்ஸின் ஒரு பிரிவு, டைப்ரைட்டர் செய்த அண்டர்வுட், கணக்கு இயந்திரங்கள் செய்த ஐபிஎம், ஜூக்பாக்ஸ் செய்த ராக்-ஓலா என்று துப்பாக்கிக்குச் சம்பந்தமே இல்லாத நிறுவனங்களும் செய்தன. ஒரு தொழிற்சாலையின் பாகம் இன்னொன்றின் துப்பாக்கியில் பொருந்த வேண்டும் என்ற ஒழுங்கு இல்லாவிட்டால் இது நடந்திருக்காது.

முன்வரிசை ஆளுக்கு ரைஃபிள், பின்வரிசை ஆளுக்குக் கார்பைன் என்பது அன்றைய கணக்கு. இன்று முன்வரிசை ஆளே கார்பைன்தான் வைத்திருக்கிறார். இடையில் என்ன நடந்தது என்பதுதான் அடுத்த கேள்வி.

எம்4 எப்படி வந்தது?

யூஜீன் ஸ்டோனர் ஆர்மலைட் நிறுவனத்தில் வடிவமைத்த ஏஆர்-15, கோல்ட் நிறுவனத்தின் கைக்குப் போய், 1960-களில் எம்16 ஆகி வியட்நாம் போனது. அதன் குழல் 20 அங்குலம். காட்டுக்குள்ளும் ஹெலிகாப்டருக்குள்ளும் அது நீளம் என்று சிறப்புப் படையினர் குறுக்கச் சொன்னார்கள். எக்ஸ்எம்177 என்ற பெயரில் முதலில் 10 அங்குலம், அப்புறம் 11.5 அங்குலக் குழலோடு வந்தது. தூக்க வசதி. ஆனால் வெடிமருந்து முழுக்க எரிந்து முடிவதற்குள் குண்டு வெளியே போய்விடுவதால் குழலின் வாயில் பெரிய தீப்பிழம்பும் காதைப் பிளக்கும் சத்தமும் வந்தன. அதை அடக்க நுனியில் பெரிதாக ஒரு உருளையை மாட்ட வேண்டியிருந்தது. குறைத்த நீளத்தில் ஒரு பகுதி அந்த உருளைக்கே போயிற்று.

1980-களில் எம்16ஏ2 வந்த கையோடு அதன் குட்டை வடிவத்துக்கான வேலையும் தொடங்கியது. 1994-இல் 14.5 அங்குலக் குழலோடு எம்4 என்று ஏற்கப்பட்டது. முழுத் தானியங்கியாகச் சுடும் எம்4ஏ1 சிறப்புப் படைகளுக்கு. தொடக்கத்தில் எல்லோருக்கும் கொடுப்பதாக எண்ணம் இல்லை. ஆப்கானிஸ்தானும் இராக்கும் அதை மாற்றின. கவச வண்டிக்குள் உட்கார்ந்து போய், இறங்கி, வீட்டுக்குள் நுழைந்து, மறுபடி வண்டியில் ஏறுகிற போருக்கு ஒரு மீட்டர் நீளத் துப்பாக்கி ஒத்துவரவில்லை. எம்16ஏ2 ஒரு மீட்டரைத் தொடும். எம்4-இன் பட்-ஐ வெளியே இழுத்தால் 838 மி.மீ., உள்ளே தள்ளினால் சுமார் 756 மி.மீ. நீண்ட குழலை விடாமல் பிடித்திருந்த மரைன் படைகூட 2015-இல் எம்4-ஐத் தன் காலாட்படைக்கு முதன்மையாக எடுத்துக்கொண்டது.

உள்ளே தள்ளும் பட் பற்றி ஒரு வார்த்தை. மார்பில் கவச உடை போட்டால் தோளுக்கும் கைக்கும் நடுவில் இரண்டு மூன்று அங்குலம் கூடிவிடும். நிலையான பட் உள்ள துப்பாக்கியைக் கவசத்தோடு தோளில் வைத்தால் கை எட்டாது, கண் பார்வைக் குழாயின் பின்னால் சரியாக உட்காராது. குட்டையான ஆளுக்கும் நெட்டையான ஆளுக்கும் ஒரே துப்பாக்கி சரிவர வேண்டுமென்றால் பட் நகர்ந்தே ஆக வேண்டும். நீளக் குறைப்பை விட இந்த ஒரு வசதிக்காகவே எம்4-ஐ நான் மதிக்கிறேன்.

குழலைக் குறைத்தால் குண்டின் வேகம் எவ்வளவு குறையும்?

20 அங்குலக் குழலில் 5.56 மி.மீ. எம்855 தோட்டாவின் குண்டு விநாடிக்குச் சுமார் 940 மீட்டர் வேகத்தில் போகும். எம்4-இல் சுமார் 900. பெரிய வித்தியாசமாகத் தெரியாது. ஆனால் இந்தச் சின்ன, எடை குறைந்த குண்டு தன் பலம் முழுவதையும் வேகத்திலிருந்துதான் எடுக்கிறது. ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் இருந்தால்தான் இலக்கில் பட்டு உடையும். கீழே போனால் ஊசி மாதிரி ஊடுருவிப் போய்விடும். குழல் குட்டையானால் அந்த எல்லை இன்னும் அருகிலேயே வந்துவிடுகிறது. ஆப்கானிஸ்தான் மலைகளில் எதிரி தூரத்திலிருந்து சுடும்போது இது பெரிய குறையாகப் பேசப்பட்டது. 2010-இல் வந்த எம்855ஏ1 தோட்டா எம்4-இன் குட்டைக் குழலை மனதில் வைத்துத் திருத்தப்பட்டது. குழலை வெட்டியதற்குத் தோட்டாவை மாற்றி ஈடு செய்திருக்கிறார்கள்.

வேகம் தவிர வேறு என்ன பாதிப்பு? உள்ளே என்ன நடக்கிறது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஸ்டோனரின் வடிவமைப்பில் குழலின் மேல் பக்கத்தில் ஒரு சின்னத் துளை உண்டு. குண்டு அந்தத் துளையைக் கடந்ததும், பின்னால் தள்ளிக்கொண்டு வரும் சூடான வாயுவில் கொஞ்சம் துளை வழியே ஏறி, பென்சிலை விடச் சன்னமான ஓர் இரும்புக் குழாய் வழியாகப் பின்னோக்கி ஓடி, தோட்டா அறையை அடைத்து நிற்கும் போல்ட்டைத் தாங்கும் பாகத்துக்குள் புகுந்து அதைப் பின்னால் தள்ளும். போல்ட் திரும்பி, பூட்டு விலகி, காலி உறையை இழுத்து வெளியே எறிந்து, அடுத்த தோட்டாவை எடுத்து வரும். எல்லாம் கண் இமைப்பதற்குள்.

எம்16-இல் அந்தத் துளை தோட்டா அறையிலிருந்து ஓர் அடிக்கும் மேலே தள்ளி இருக்கிறது. வாயு அங்கே வரும்போது அழுத்தம் ஓரளவு தணிந்திருக்கும். கார்பைனில் குழல் குட்டை என்பதால் துளையும் பின்னால் வந்தாக வேண்டும். முக்கால் அடிக்கும் குறைவான தூரத்திலேயே வந்துவிடுகிறது. அங்கே அழுத்தம் மிக அதிகம், வாயுவும் சீக்கிரமே வந்துவிடுகிறது. பிரஷர் குக்கரில் ஆவி அடங்கும் முன்பே மூடியைத் திறக்கப் பார்ப்பது போன்ற நிலை. காலி உறை அறைச் சுவரோடு இறுகி ஒட்டியிருக்கும்போதே போல்ட் அதைப் பிடித்து இழுக்கிறது. உறையின் விளிம்பைப் பிடிக்கும் கொக்கி வழுக்கலாம், அப்படி வழுக்கினால் உறை உள்ளேயே மாட்டிக்கொள்ளும். போல்ட்டின் பூட்டுப் பற்கள் சீக்கிரம் விரிசல் விடும். தானியங்கியாகச் சுடும் வேகம் கூடும்.

தீர்வுகள் பெரிய கண்டுபிடிப்புகள் இல்லை, ஒவ்வொன்றாகச் சேர்த்தவை: போல்ட் பின்னால் வந்து மோதும் தாங்குகட்டையின் எடையைக் கூட்டுவது, கொக்கியின் ஸ்பிரிங்கை வலுவாக்குவது, தோட்டா ஏறும் சரிவை நீட்டுவது. குழலை மட்டும் அறுத்துவிட்டால் கார்பைன் ஆகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு இந்தப் பட்டியலைத்தான் காட்டுவேன். ஐந்தரை அங்குலம் குறைக்க ஏறக்குறைய ஒரு முழுத் துப்பாக்கியையே திரும்பச் சரிபார்க்க வேண்டியிருந்தது.

பிஸ்டன் வைத்த கார்பைன்தான் நல்லது என்கிறார்களே?

வாயுவை உள்ளே விடாமல், முன்னாலேயே ஒரு சின்ன பிஸ்டனைத் தள்ள வைத்து, அது கம்பி வழியாக அடியைப் பின்னால் கடத்துவது பிஸ்டன் முறை. புகைக்கரி உள்ளே வருவதில்லை, போல்ட் சூடாவதில்லை. ஜெர்மனியின் ஹெக்லர் அண்ட் கோக் செய்த எச்கே416 எம்4 உருவத்திலேயே இந்த முறையைக் கொண்டுவந்தது. நார்வே எடுத்துக்கொண்டது, பிரான்ஸ் 2016-இல் தேர்ந்தெடுத்தது, அமெரிக்க மரைன் படையின் எம்27-உம் அதன் வாரிசுதான்.

2007-இல் அமெரிக்க இராணுவம் அபர்தீன் சோதனைக் களத்தில் ஒரு கடுமையான தூசிச் சோதனை நடத்தியது. நான்கு வகை, வகைக்குப் பத்துத் துப்பாக்கி, வகைக்கு 60,000 தோட்டா. எம்4 தடைபட்டது 882 முறை. எச்கே416 233, ஸ்கார் 226, எக்ஸ்எம்8 127. இந்த எண்ணை மட்டும் சொல்லி எம்4 குப்பை என்று முடிப்பவர்கள் நிறைய. அதே ஆண்டு அதற்கு முன் நடந்த சோதனையில் இதே எம்4 தடைபட்டது 307 முறைதான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எம்4 நாலாவது இடம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை; ஆனால் ஒரு சோதனைக்கும் இன்னொன்றுக்கும் இவ்வளவு வித்தியாசம் வரும்போது ஒற்றை எண்ணைப் பிடித்துத் தொங்கக்கூடாது.

பிஸ்டனும் இலவசம் இல்லை. முன்பக்கம் எடை கூடும், பாகங்கள் கூடும். எம்4-க்கு மாற்றுத் தேட நடந்த கார்பைன் போட்டியை அமெரிக்க இராணுவம் 2013-இல் யாரையும் தேர்ந்தெடுக்காமலே முடித்துக்கொண்டது.

சூடேறி நின்றுபோகுமாமே, உண்மையா?

உண்மை. 2008 ஜூலை 13 அன்று ஆப்கானிஸ்தானின் வனாட் என்ற இடத்தில் ஒரு சிறிய காவல் தளத்தை நாலா பக்கமும் சூழ்ந்து தாக்கினார்கள். அமெரிக்க வீரர்கள் 9 பேர் இறந்தார்கள். இடைவிடாமல் மேகசின் மேல் மேகசினாகச் சுட்டதில் சிலருடைய எம்4-கள் சூடேறி வேலை செய்யாமல் நின்றன. அந்த நிலையில் நின்ற ஆளை நினைத்துப் பார்த்தால் 'குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டிச் சுடக்கூடாது என்று கையேட்டில் இருக்கிறதே' என்று சொல்ல எனக்கு வாய் வராது. வேறு வழி இல்லாமல்தான் அவர் அப்படிச் சுட்டார்.

எம்4-இன் குழல் கைப்பிடி உறைக்குக் கீழே மெலிந்து போகும். எடை குறைக்கச் செய்தது. கண்ணுக்குத் தெரியாத அந்த மெலிந்த பகுதிதான் சீக்கிரம் சூடாகும். பிறகு நடந்த திருத்தத்தில் இராணுவம் எம்4-களைத் தடித்த குழலுள்ள எம்4ஏ1 வடிவத்துக்கு மாற்றியது. சில நூறு கிராம் கூடியது. அந்தக் கிராம்கள் முதலிலேயே இருந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ரஷ்யர்கள் எப்படிச் செய்தார்கள்?

இரக்கமே இல்லாமல் வெட்டினார்கள். ஏகே-74-இன் 415 மி.மீ. குழலை ஏகேஎஸ்-74யு-வில் 206.5 மி.மீ. ஆக்கினார்கள், ஏறக்குறையப் பாதி. பட்-ஐ மடித்தால் 490 மி.மீ. தான். வேகம் விநாடிக்கு 900 மீட்டரிலிருந்து 735-க்கு இறங்கியது. குழல் அவ்வளவு குட்டை என்பதால் பிஸ்டனைத் தள்ளப் போதிய அழுத்தம் நிற்காது. அதற்காக நுனியில் புனல் மாதிரி ஒரு தடித்த பாகம் மாட்டினார்கள். டாங்கி ஓட்டுபவர், ஹெலிகாப்டர் விமானி போன்றவர்களுக்கு அது போதும். காலாட்படை ஆளுக்குப் போதாது.

புல்பப் செய்தால் நீளக் குழலும் குட்டை உடலும் ஒன்றாகக் கிடைக்குமே?

கிடைக்கும். மேகசினையும் போல்ட்டையும் விசைக்குப் பின்னால், பட்டுக்குள்ளேயே வைத்துவிடுவது புல்பப். ஆஸ்திரியாவின் ஸ்டெயர் ஆக் 508 மி.மீ. குழலோடு மொத்த நீளம் 790 மி.மீ. தான். 368 மி.மீ. குழல் உள்ள எம்4-ஐ, அதன் பட் வெளியே இழுத்த நிலையில், விடக் குட்டை! காகிதத்தில் பார்த்தால் கேள்வியே இல்லை, புல்பப்தான் ஜெயிக்க வேண்டும்.

ஆனால் மேகசின் அக்குளுக்குப் பக்கத்தில் வந்துவிடுவதால் மாற்றுவது சிரமம், இடது தோளில் வைத்தால் காலி உறை முகத்துக்கு நேரே பறக்கும், விசைக்கும் உள் பாகங்களுக்கும் நடுவில் நீளக் கம்பி போவதால் விசை கொழகொழ என்று இருக்கும். பட்-ஐ நகர்த்தவும் வழி இல்லை. பிரான்ஸ், நியூசிலாந்து, சீனா மூன்றும் புல்பப்பிலிருந்து பழைய அமைப்புக்குத் திரும்பியிருக்கின்றன. இஸ்ரேலின் டேவர் குடும்பம் விதிவிலக்கு, நம் சிறப்புப் படைகளும் அதைப் பயன்படுத்துகின்றன.

மேலே வரிசையாகப் பல் பல்லாக இருக்கிறதே, அது என்ன?

பிக்காட்டினி ரெயில். 1995-இல் அளவு நிர்ணயிக்கப்பட்டது, ஒரு பள்ளத்தின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்குச் சுமார் 10 மி.மீ. பார்வைக் குழாய், விளக்கு, லேசர் எதுவானாலும் யார் செய்ததானாலும் மாட்டலாம். 1990-களுக்குப் பின் வந்த கார்பைன்களில் மிகப் பெரிய மாற்றம் எது என்று கேட்டால் குழலையோ பிஸ்டனையோ சொல்லமாட்டேன், இந்த ரெயிலைத்தான் சொல்வேன். கூடவே ஒரு தீமை: மாட்ட இடம் இருந்தால் மாட்டிக்கொண்டே போவார்கள். மூன்று கிலோத் துப்பாக்கி நாலரை கிலோவாகிவிடும்.

சத்தம்?

பலரும் கேட்காத, ஆனால் கேட்க வேண்டிய கேள்வி. மூடிய அறைக்குள் லட்சுமி வெடி வைத்தால் எப்படி இருக்கும்? அதை விடப் பல மடங்கு, நிமிடத்துக்குப் பல முறை, காதுக்கு அரை மீட்டரில். குழல் குட்டையாக ஆக வெடிப்பு முகத்துக்கு அருகில் வருகிறது. ஓய்வு பெற்ற வீரர்களில் எத்தனையோ பேருக்குக் காதில் இரைச்சல் நிற்பதே இல்லை. சினிமா பார்த்துவிட்டுச் சைலன்சரைக் கொலைகாரன் சாமான் என்று நினைக்கிறோம். அமெரிக்க மரைன் படை காலாட்படைக்கு அதைப் பரவலாகக் கொடுக்க ஆரம்பித்ததில் காதைக் காப்பதும், பக்கத்து ஆள் கத்துவது கேட்க வேண்டும் என்பதும் முக்கியக் காரணங்கள்.

எம்4 கார்பைனா, அசால்ட் ரைஃபிளா?

இரண்டும்தான். ஒன்று நீளத்தைச் சொல்லும் பெயர், மற்றது சுடும் விதத்தையும் தோட்டாவையும் சொல்லும் பெயர்.

எம்7 வந்துவிட்டதே, எம்4-இன் காலம் முடிந்ததா?

2022 ஏப்ரலில் அமெரிக்க இராணுவம் சிக் சவர் நிறுவனத்தின் துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்தது. 6.8×51 மி.மீ. என்ற புதுத் தோட்டா. குழல் 13 அங்குலம்தான், எம்4-ஐ விடக் குட்டை. ஆனால் குட்டைக் குழலிலும் வேகம் வேண்டும் என்று அழுத்தத்தை மிக உயர்த்தினார்கள். அந்த அழுத்தத்தைத் தனிப் பித்தளை தாங்காது என்பதால் உறையின் அடிப்பகுதி எஃகு, மேல்பகுதி பித்தளை. தூரமும் உண்டு, ஊடுருவலும் உண்டு.

செலவு எங்கே விழுகிறது என்று பாருங்கள். சைலன்சரோடு சுமார் 4.4 கிலோ. மேகசினில் 30-க்குப் பதில் 20 தோட்டா. ஏழு மேகசின் சுமந்தால் முன்பு 210, இப்போது 140. காலாட்படைக்காரர் ஏற்கெனவே கவசம், தண்ணீர், பேட்டரி என்று முதுகு ஒடியச் சுமக்கிறார். எனக்கு இதில் மனம் ஒப்பவில்லை. திறந்த மலைவெளிக்கு இது சரி. தெருச் சண்டையில் கூடுதல் 70 தோட்டாவின் மதிப்பு அதை விடப் பெரியது என்று நினைக்கிறேன்.

இந்தியாவில் நிலைமை என்ன?

புனேயில் உள்ள அரசின் படைக்கல ஆராய்ச்சி நிறுவனமான ஏஆர்டிஇ வடிவமைத்த இன்சாஸ் துப்பாக்கிக் குடும்பத்தில் ரைஃபிள், இலகு இயந்திரத் துப்பாக்கி, கார்பைன் என மூன்றும் திட்டத்தில் இருந்தன. முதல் இரண்டு படைக்கு வந்தன, கார்பைன் அந்த வடிவில் வரவில்லை. பின்னர் அதே நிறுவனம் 5.56×30 மி.மீ. என்ற சிறு தோட்டாவுக்கு ஜேவிபிசி என்ற கார்பைனைச் செய்தது. இது ரைஃபிளின் குட்டை வடிவம் அல்ல, ஸ்டெர்லிங் செய்த வேலைக்கு வந்த மாற்று.

இராணுவத்துக்கு 5.56×45 தோட்டாவில் கார்பைன் வாங்க 2018-இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் கராகல் நிறுவனத்தின் 93,895 துப்பாக்கிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அவசரத் தேவை என்று தொடங்கியது, 2020-இல் ரத்தானது. அதற்குப் பிறகு பார்வை உள்நாட்டுத் தயாரிப்பாளர்கள் பக்கம் திரும்பியது. திருச்சி படைக்கலத் தொழிற்சாலை பற்றியும் கேட்கிறார்கள். அங்கே தயாராகும் திருச்சி அசால்ட் ரைஃபிள் 7.62×39 மி.மீ. தோட்டாவைச் சுடும் ஏகே வகைத் துப்பாக்கி. கார்பைன் என்ற பெயர் அதற்கு இல்லை.

இவ்வளவு ஆண்டு இழுத்ததில் யாருக்கு நஷ்டம் என்றால், நெருக்கமான சண்டைக்குப் போகும் ஜவானுக்குத்தான். பக்கவாட்டு மேகசின் செடியிலும் கதவிலும் தட்ட, பார்வைக் குழாய் மாட்ட இடம் இல்லாத பழைய 9 மி.மீ. கார்பைனைத்தான் பல ஆண்டுகள் அவர் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு போனார்.